ரோந்துக்கு வண்டி எடுக்கும் முன்: மணலி, எண்ணூர் பக்கம் நான் பட்ட பாடு

வண்டி வைத்துப் பிழைப்பவர்கள் யாராவது, "ரோந்து டியூட்டிக்கு மாத வாடகைக்கு வண்டி கேட்கிறார்கள், எது எடுக்கலாம்?" என்று கேட்டால் இப்போதெல்லாம் அவர்களை உட்கார வைத்துப் பேசாமல் விடுவதில்லை. நான் இறங்கியபோது அப்படிச் சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை. விசாரிக்காமல் இல்லை, ஊரெல்லாம் விசாரித்தேன். ஷோரூம்காரருக்கு மைலேஜ் தெரியும், ஃபைனான்ஸ்காரருக்கு வட்டி தெரியும், சக டிராவல்ஸ்காரர்களுக்குத் திருப்பதி டிரிப்பும் ஏர்போர்ட் டிரிப்பும் தெரியும். இரவு முழுக்க ஊர்ந்துகொண்டும் நின்றுகொண்டும் கிடக்கிற வேலைக்கு எந்த வண்டி தாங்கும் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் செலவானது. மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போய்த் திரும்பியது. இன்னொருவருக்கு அது நடக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

திருவொற்றியூரில் சின்ன அளவில் டிராவல்ஸ் நடத்துகிறேன். 2023 தொடக்கத்தில் ஒரு தனியார் செக்யூரிட்டி நிறுவனம் இரண்டு வண்டி கேட்டது. சாத்தாங்காடு, மணலி, ஆண்டார்குப்பம், விச்சூர் பக்கம் இருக்கிற கன்டெய்னர் யார்டுகளையும் குடோன்களையும் இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை சுற்றி வர வேண்டும். டிரைவர், டீசல் எல்லாம் என் பொறுப்பு. ஒரு வண்டிக்கு மாதம் 70,000 ரூபாய், 2,500 கிலோமீட்டர் வரை. அதற்கு மேல் ஓடினால் கிலோமீட்டர் கணக்கில் கூடுதல் பணம். ஓர் இரவுக்கு 70 கிலோமீட்டர்தான் வரும் என்றார்கள். 2,500-ஐத் தொடவே தொடாது, நமக்கு லாபம்தான் என்று தோன்றியது. டிரைவர் சம்பளம் 20,000, வண்டி டியூ 21,500, டீசல் 14,000 சொச்சம், சர்வீசுக்கும் இன்சூரன்சுக்கும் ஆறாயிரம் எடுத்து வைத்தால், வண்டிக்கு எட்டாயிரத்து நானூறு நிற்கும். இந்தத் தொழிலில் அது நல்ல கணக்கு.

என்ன வண்டி என்பதை அவர்களே சொல்லிவிட்டார்கள். உயரமான டீசல் எஸ்யூவி, வெள்ளை நிறம், தூரத்தில் இருந்து பார்த்தால் போலீஸ் வண்டி வருகிற மாதிரி இருக்க வேண்டும். அதில் எனக்கும் மறுப்பு இல்லை. போலீஸ்காரர்கள் பல வருஷமாக ஜீப்பும் எஸ்யூவியும்தானே ஓட்டுகிறார்கள், அவர்களுக்குத் தாங்குவது நமக்குத் தாங்காதா? புதிதாக இரண்டு பிஎஸ்6 டீசல் வண்டிகள், அதாவது இப்போதைய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்தவை, எடுத்தேன். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை, ஏனென்றால் எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் இந்த வேலையில் இதேதான் நடந்திருக்கும்.

ரோந்து வண்டி இரவில் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எல்லாப் பிரச்சினையும் அங்கிருந்துதான் கிளம்பியது. யார்டு கேட்டில் போய் நிற்கும். கூட வரும் காவலர் இறங்கி, டார்ச் அடித்து, மதில் ஓரமாக நடந்து பார்த்து, அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். அதுவரைக்கும் வண்டி இன்ஜின் ஓடியபடியே நிற்கும். விளக்கு எரிய வேண்டும், வாக்கி டாக்கி ஓட வேண்டும், கொசுவுக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டிருப்பார்கள். அடுத்த யார்டுக்குப் போகிற வழியில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ரெண்டு வரிசையாக நிற்கும், அதற்கு நடுவே பத்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர வேண்டும். நள்ளிரவுக்கு மேல் ஒரு மூலையில் நின்று கண்காணிக்க வேண்டும். பத்து மணி நேர டியூட்டியில் சக்கரம் சுற்றுவது நாலு மணி நேரம். மீதி ஆறு மணி நேரம் இன்ஜின் மட்டும் ஓடும்.

முதல் மாத டீசல் பில்லைப் பார்த்ததும் டிரைவர்கள் மேல்தான் சந்தேகம் வந்தது. டீசல் எடுக்கிறார்களோ என்று ரெண்டு இரவு நானே கூட உட்கார்ந்து போனேன். பாவம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. டேங்கை நிரப்பி, ஏசியோடு நிற்க வைத்து, திரும்ப நிரப்பிப் பார்த்தேன். நின்றபடியே மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டிக் குடிக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு ஆறு லிட்டர், மாதத்துக்கு 180 லிட்டர். அப்போது சென்னையில் டீசல் 94 ரூபாய் சொச்சம். ஒரு வண்டிக்கு மாதம் கிட்டத்தட்ட 17,000 ரூபாய் நின்ற இடத்திலேயே எரிகிறது. ஓடுவதற்கு ஆன டீசலைவிட நிற்பதற்கு ஆன டீசல் அதிகம்! எட்டாயிரத்து நானூறு நிற்கும் என்று போட்ட கணக்கு, அதே அளவுக்குக் கையைவிட்டுப் போகிற கணக்காக மாறியது. அதுவும் ரெண்டு வண்டிக்கு. ஒப்பந்தத்தில் கிலோமீட்டருக்குப் பணம் இருந்தது, மணிக்கு இல்லை. செக்யூரிட்டி நிறுவனத்திடம் போய்க் கேட்டதற்கு, "கையெழுத்துப் போட்டாச்சு சார்" என்றார்கள்.

இது பணக் கணக்கு. அடுத்ததாக வண்டியே படுத்தது. மூன்றாம் மாதம் டேஷ்போர்டில் டிபிஎஃப் விளக்கு எரிந்தது. பிஎஸ்6 டீசல் வண்டிகளில் சைலன்சர் பாதையில் புகைக்கரியைப் பிடித்து வைக்க ஒரு ஃபில்டர் இருக்கும், அதைத்தான் டிபிஎஃப் என்கிறார்கள். சேர்ந்த கரியை அது தானாகவே எரித்துக்கொள்ளும். ஆனால் அதற்குப் புகை நன்றாகச் சூடேற வேண்டும், ஐநூறு, அறுநூறு டிகிரி வரை. அறுபதுக்கு மேல் ஒரே சீரான வேகத்தில் பதினைந்து இருபது நிமிஷமாவது ஓடினால்தான் அந்தச் சூடு வரும். மணலி ரோட்டில் இரவு ஊர்கிற வண்டிக்கு அந்தச் சூடு எங்கிருந்து வரும்? கரி சேரும், எரிக்கத் தொடங்கும், அதற்குள் வண்டி நின்றுவிடும், பாதியில் அணையும், மறுபடி சேரும். சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் வைத்து வலுக்கட்டாயமாக எரித்துக் கொடுத்தார்கள், ஒவ்வொரு முறைக்கும் மூவாயிரம் நாலாயிரம். கடைசியில் ஒரு வண்டிக்கு ஃபில்டரே போய்விட்டது. ஒரு லட்சத்து பத்தாயிரம். வாரன்டியில் கேட்டால், ஓட்டுகிற முறையால் வந்த அடைப்பு, அதில் வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் வெகுநேரம் நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அந்த நாட்களில் ஒரு காலை, வண்டி வந்து சூடு ஆறியதும், இன்ஜின் ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். ஆயில் குறைந்திருக்கும் என்று நினைத்தால், மேல் கோட்டைத் தாண்டி விரல் அகலத்துக்கு ஏறி இருந்தது. ஆயில் கூடுமா? விரலில் தொட்டுத் தேய்த்தால் வழவழப்பே இல்லை, தண்ணீர் கலந்த பால் மாதிரி ஓடுகிறது, மோந்தால் டீசல் வாசனை. கரியை எரிப்பதற்காக இன்ஜின் கூடுதலாகப் பீச்சுகிற டீசல், பாதியில் நின்று நின்று போவதால் எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் கலந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் ஓட்டியிருந்தால் இன்ஜினுக்குள் பேரிங்கே போயிருக்கும் என்று ஷெட்டில் சொன்னார்கள். டீசல் வண்டியை ரோந்துக்கு விட்டிருப்பவர்கள் தயவுசெய்து வாரத்துக்கு ஒரு தடவை டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். குறைந்தால் மட்டும் பயப்படாதீர்கள், கூடினாலும் பயப்படுங்கள். டிபிஎஃப் விளக்கு எரிந்தால் அன்றைக்கே வண்டியை மீஞ்சூரில் வெளிவட்டச் சாலையில் ஏற்றி, நெமிலிச்சேரி வரை ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டுத் திரும்பி வாருங்கள். வண்டலூர் வரை 62 கிலோமீட்டர் போகிற அந்தச் சாலையில் சிக்னல் தொல்லை கிடையாது, கரி எரிய அதைவிட நல்ல இடம் வடசென்னைக்குப் பக்கத்தில் இல்லை. இதை முதல் மாதமே யாராவது சொல்லியிருந்தால் அந்த ஒரு லட்சத்து பத்தாயிரம் தப்பியிருக்கும்.

என் மனைவியின் பெரியப்பா சென்னை போலீசில் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஜீப், ஜிப்சி, ஆக்சன்ட், டவேரா, பொலிரோ என்று காவல்துறையில் வந்துபோன வண்டிகளில் பாதி அவர் கைபட்டவை. புதுவண்ணாரப்பேட்டையில் இருக்கிறார். நகை அடகு வைத்த விஷயம் அவர் காதுக்குப் போய், கூப்பிட்டனுப்பினார். நான் எல்லாம் சொல்லி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வண்டி எத்தன மணி நேரம் நிக்குது மாப்ள?" என்பதுதான். அதுவரைக்கும் என்னிடம் அதை யாருமே கேட்டதில்லை. "பேட்ரோல் வண்டிய ஓடறத வெச்சி எடுக்காதீங்க மாப்ள, நிக்கறத வெச்சி எடுங்க. தொரத்திப் புடிக்கறதெல்லாம் எப்பவோ ஒரு நாள். மத்த நாளெல்லாம் அது நிக்கற வண்டிதான்" என்றார். எனக்குத் தெளிவு வந்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். வெளிநாட்டில் இதை ரொம்ப நாளாகவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் போலீசுக்கென்றே தனியாக வண்டி செய்து தருகிற ஃபோர்டு, நின்றபடி இன்ஜின் ஒரு மணி நேரம் ஓடினால் அதை 33 மைல் ஓடியதாக எடுத்துக்கொண்டு ஆயில் மாற்றச் சொல்கிறது. 33 மைல் என்றால் 53 கிலோமீட்டர். என் வண்டிக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் இரவுக்கு நின்றதற்கு மட்டும் 318 கிலோமீட்டர், ஓடியது 70. மீட்டர் மாதம் 2,100 காட்டுகிறது, இன்ஜினோ பதினோராயிரத்துக்கு மேல் உழைத்திருக்கிறது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்று புத்தகத்தில் போட்டிருப்பதை நம்பினால் அஞ்சு மாசத்துக்கு ஒரு சர்வீஸ். உண்மையில் மாதாமாதம் ஆயிலைப் பார்க்க வேண்டிய வண்டி அது. மிச்சிகன் மாநிலப் போலீஸ் வருஷா வருஷம் ரோந்து வண்டிகளைச் சோதித்து முடிவை வெளியிடுகிறது. வேகம், பிரேக்கோடு நிற்காமல், உள்ளே உட்காருகிற வசதி, கருவிகள் பொருத்த இடம் எல்லாவற்றுக்கும் மார்க் போடுகிறார்கள். 2020 மாடலில் இருந்து ஃபோர்டின் போலீஸ் எஸ்யூவியில் ஹைப்ரிட்தான் வழக்கமான இன்ஜின். நிற்கிற நேரத்தில் விளக்கும் ரேடியோவும் பேட்டரியில் ஓடும், இன்ஜின் தேவைப்பட்டால் மட்டும் எழும். நிற்கிற வண்டி என்பதை உணர்ந்து செய்த வேலை அது.

இந்த இடத்தில் ஒரு விஷயம். பழைய போலீஸ் வண்டியை ஏலத்தில் எடுத்து ரோந்துக்கு விடலாமே, சல்லிசாக வருமே என்று என்னிடம் சிலர் சொன்னார்கள். மனைவியின் பெரியப்பாவை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மாமாவிடம் கேட்டேன், கையெடுத்துக் கும்பிட்டார். மீட்டரில் 90,000 காட்டும், இன்ஜினைப் பிரித்தால் மூன்று லட்சம் ஓடிய தேய்மானம் இருக்கும். காரணம் மேலே சொன்னதுதான். போதாததற்கு, 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் பதிவைப் புதுப்பிக்க முடியாது, அவை உடைப்பதற்குத்தான் போக வேண்டும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சரி, பேட்டரிக்கு வருகிறேன். செக்யூரிட்டி நிறுவனம் வண்டி மேல் சுழல் விளக்கு, பக்கத்துக்கு ஒரு சர்ச் லைட், வாக்கி டாக்கி செட், கேமரா, நாலு போன் சார்ஜர் எல்லாம் பொருத்தச் சொன்னது. இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது, பேட்டரியை ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் தன் முழு கரண்டைக் கொடுக்காது என்பது எனக்குத் தெரியாது, பொருத்திய எலக்ட்ரீஷியனும் சொல்லவில்லை. டீசலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து வைக்கச் சொன்னேன், விளைவு, விச்சூரில் அதிகாலை மூன்று மணிக்கு செல்ஃப் எடுக்கவில்லை. ஒரு லாரி டிரைவர் இரக்கப்பட்டு ஜம்பர் கேபிள் கொடுத்தார். ஒரு பாயின்ட்டுக்கு வண்டி நேரத்துக்கு வராவிட்டால் அபராதம், அந்த இரவுக்கு மூவாயிரம் பிடித்தார்கள். வண்டியோடு வரும் பேட்டரி ஸ்டார்ட் செய்யத்தான், மணிக்கணக்கில் விளக்கு எரிக்க அல்ல. அப்படி முழுசாக இறக்கி ஏற்றினால் சீக்கிரம் செத்துப்போகும். இப்போது கூடுதல் கருவிகளுக்கு என்று இரண்டாவதாக ஒரு பேட்டரி, இன்வெர்ட்டருக்கு வைக்கிற மாதிரி ஆழமாக இறங்கினாலும் தாங்கும் வகை, நடுவில் ஒரு ஐசோலேட்டர். இன்ஜின் ஓடும்போது ரெண்டும் ஏறும், அணைத்தால் பிரிந்துவிடும். கருவிப் பேட்டரி காலியானாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். பன்னிரண்டாயிரம் சொச்சம் ஆனது, போட்ட பணத்தில் உருப்படியானது இதுதான். வண்டி எடுக்கும்போதே இரண்டாவது பேட்டரிக்கு இடம் இருக்கிறதா என்று பானெட்டைத் திறந்து, சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்துவிடுங்கள். ஒயரை வெட்டி ஒட்டாமல் ஃபியூஸ், ரிலே வைத்துத் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாரன்டியும் போகும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

சுழல் விளக்கு என்றதும் நினைவு வருகிறது. சிவப்பும் நீலமும் பளிச்சிடுகிற விளக்குதான் வேண்டும், முன்னால் பெரிய கம்பி பம்பர் வேண்டும் என்று கேட்டார்கள். ரெண்டுக்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை, நீங்களும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2017 மே 1 முதல் மந்திரிகளே சிவப்பு விளக்கைக் கழற்றிவிட்டார்கள். சிவப்பு, நீலம், வெள்ளை விளக்கெல்லாம் காவல், தீயணைப்பு, பேரிடர் மீட்பு போன்ற அவசர வேலைக்குப் போகிற வண்டிகளுக்குத்தான். தனியார் ரோந்து அதில் சேராது. கம்பி பம்பரும் சட்டப்படி கூடாது, மோதும்போது ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமல் போகலாம், நடந்து போகிறவர்களுக்கும் ஆபத்து. பிடித்தால் அபராதம் வண்டிக்காரர் தலையில்தான் விழும், கேட்டவர் தலையில் அல்ல.

உட்காருகிற இடத்தைப் பற்றி யாருமே பேச மாட்டார்கள், மாமா அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார். கூட வரும் காவலர் இரவு முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். பெல்ட்டில் டார்ச், வாக்கி, லத்தி தொங்கும். சீட்டின் ஓரம் மேடாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் அதில் உரசித்தான் இறங்க வேண்டும். என் வண்டிகளில் இடது முன் சீட்டின் ஓரத் துணி ஆறு மாதத்தில் கிழிந்து பஞ்சு வந்துவிட்டது. வண்டி ரொம்ப உயரம் என்றால் ஐம்பது வயதுக்காரர்களுக்கு முட்டி போகும், ரொம்பத் தாழ்வு என்றால் இடுப்பு போகும். அப்படி இருக்கிற வண்டியில் என்ன நடக்கும் தெரியுமா, மனிதர்கள் இறங்க மாட்டார்கள். உள்ளே உட்கார்ந்தபடியே டார்ச் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ரோந்தே அங்கே முடிந்துபோகிறது. "எறங்கறதுக்கு அலுப்பா இருக்கற வண்டி போலீஸ் வண்டி இல்ல மாப்ள" என்று மாமா சொன்னதை நான் ரொம்ப மதிக்கிறேன். வாங்கும் முன், டியூட்டிக்குப் போகப் போகிற காவலரையே பெல்ட்டோடு ஷோரூமுக்குக் கூட்டிப் போய், பத்து தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். சீட் இடுப்புக்கு நேராக இருக்க வேண்டும், கதவு அகலமாகத் திறக்க வேண்டும்.

டயர். சாத்தாங்காட்டில் இரும்பு மார்க்கெட் இருக்கிறது. லாரிகளில் இருந்து விழுகிற கம்பித் துண்டும் தகட்டுச் சீவலும் சாலையெல்லாம் கிடக்கும், இரவில் கண்ணுக்குத் தெரியாது. பஞ்சர் போட்டு மாளாது. டியூப்லெஸ் டயர், கூடவே முழு அளவு ஸ்டெப்னி, வண்டியிலேயே ஒட்டுகிற கிட், காற்றடிக்கிற சின்ன பம்ப். அலாய் வீலும் அகலமான டயரும் அழகுக்கு நன்றாக இருக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு மூலக்கடையில் அந்த சைஸ் கேட்டால் கிடைக்காது. ஊரில் அதிகமாக ஓடுகிற வண்டியின் டயர் சைஸாகப் பார்த்து எடுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் ஒரு வண்டி மணலியில் தண்ணீரில் மாட்டியது. எண்ணூர் கழிமுகம் வரைக்கும் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்த நேரம் அது, எர்ணாவூர் பக்கம் வீட்டுச் சுவரிலெல்லாம் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. என் வண்டியிலும் கதவுக்குப் பாதி உயரத்தில் அதே கோடு. டிரைவர் பதறிப்போய் ஸ்டார்ட் செய்து வெளியே எடுத்துவிடலாம் என்றார். சாவியைத் தொடவே கூடாது, பேட்டரி ஒயரைக் கழற்று என்று போனில் கத்தினேன். மாமா முன்னமே சொல்லி வைத்திருந்தது அது. தண்ணீர் உள்ளே போன இன்ஜினைச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், தனியாக இன்ஜின் பாதுகாப்புச் சேர்க்கை போடாத சாதாரண பாலிசியில் அதற்குப் பணம் வராது. ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்கு அன்றைய தட்டுப்பாட்டில் ஒன்பதாயிரம் கேட்டார்கள், கொடுத்தேன். பிரேக் பேடு, எண்ணெயில் ஊறி உப்பிய ரப்பர் புஷ்கள், கார்ப்பெட், ஒயரிங் கனெக்டர் எல்லாம் சேர்த்து 38,000. இன்ஜின் தப்பியது. அன்றிலிருந்து எந்த வண்டி பார்க்கப் போனாலும், தரையில் இருந்து உயரம் எவ்வளவு என்பதோடு, காற்றை உறிஞ்சும் வாய் எங்கே இருக்கிறது என்று பானெட்டைத் திறந்து பார்க்கிறேன். சில வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும், சிலவற்றில் பம்பருக்குப் பக்கத்தில் கீழே இருக்கும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அப்புறம் மாமாவும் நானும் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினோம். ஃபில்டர் போன வண்டியை விற்றேன், அதில் மட்டும் ஒரு லட்சத்து தொண்ணூறாயிரம் நஷ்டம். அந்த இடத்தில் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளம் உள்ள பெட்ரோல் வண்டி, கம்பெனியிலேயே சிஎன்ஜி பொருத்தி வந்தது. சிஎன்ஜி சிலிண்டர் பின்னால் இடத்தை அடைக்கும், ரோந்துக்கு லக்கேஜ் இல்லை என்பதால் தொந்தரவு இல்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை சிலிண்டரைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும், அதை மறக்கக் கூடாது. பெட்ரோல் வண்டியும் நின்றால் குடிக்கத்தான் செய்யும், ஆனால் அடைத்துக்கொள்ள டிபிஎஃப் இல்லை. இரண்டாவது பேட்டரியும் சின்ன ஃபேனும் இருப்பதால் இன்ஜினை அணைத்துவிட்டே நிற்க முடிகிறது. இன்ஜின் ஓடியபடி நிற்கிற நேரம் ஆறு மணி நேரத்தில் இருந்து ரெண்டு, ரெண்டரை மணி நேரத்துக்கு இறங்கியது. மீதமுள்ள டீசல் வண்டியை எண்ணூர் நெடுஞ்சாலையில் தூரம் அதிகமுள்ள பாயின்ட்டுகளுக்கு மாற்றினேன், அங்கே அது வேகமாக ஓடுவதால் டிபிஎஃப் விளக்கு எரிவதே இல்லை. சந்துகள் அதிகமுள்ள குடோன் பகுதிக்குக் கார் எதற்கு? காசிமேட்டிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் போலீஸே பைக்கில்தான் நுழைகிறார்கள். அந்தப் பகுதிக்கு ஒரு பைக் போதும் என்று செக்யூரிட்டி நிறுவனத்திடம் சொல்லிப் புரியவைத்தேன், அவர்களுக்கும் செலவு குறைந்தது. யாராவது ரெண்டு கார் கேட்டால், ஒரு காரும் ஒரு பைக்கும் போதுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

ஒப்பந்தத்தை எழுதும்போது கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மாத வாடகையில் கிலோமீட்டரோடு இன்ஜின் ஓடிய மணி நேரத்துக்கும் ஒரு வரம்பு போடச் சொல்லுங்கள். வண்டியில் இருக்கும் ஜிபிஎஸ், சாவி ஆன் ஆகி இருந்த நேரத்தையும் வண்டி நகர்ந்த நேரத்தையும் தனித்தனியாகக் காட்டும், அந்த ரிப்போர்ட்டை மாதாமாதம் பில்லோடு இணைத்துவிடுங்கள். நான் புது ஒப்பந்தத்தில் ஓர் இரவுக்கு இன்ஜின் ஓடியபடி நின்ற நேரம் மூன்று மணி நேரம் வரை, அதற்கு மேல் மணிக்கு 120 ரூபாய் என்று போட்டிருக்கிறேன். அதோடு, சர்வீசுக்கு மாதம் ஒரு இரவு வண்டி வராது, மாற்று வண்டி அவர்கள் பொறுப்பு என்றும் ஒரு வரி. முதலில் முடியாது என்றார்கள். ரிப்போர்ட்டைக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்கள். உங்களிடம் அவர்கள் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வண்டிக்கு மாதம் பதினைந்தாயிரமாவது ஏற்றிக் கேளுங்கள், அதுவும் கிடைக்கவில்லை என்றால் அந்த டியூட்டியை எடுக்க வேண்டாம்.